இன்டர்கூலருக்குள் ஆயில் இருந்தால் கழுவினால் மட்டும் போதுமா?

டர்போ டீசல் வண்டியில் பிக்கப் குறைந்துவிட்டது, ஹோஸைக் கழற்றினால், டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குள் ஆயில் தெரிகிறது, கழுவினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கழுவினால், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ஆயில் அங்கேதான் நிற்கும்.

முதலில் அளவைப் பாருங்கள். உள்ளே விரலை விட்டால் மெல்லிய பிசுபிசுப்பு ஒட்டுவது எந்த டீசல் வண்டியிலும் சகஜம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் டர்போவுக்கு முன்னால் வந்து சேர்வதால், ஆயில் ஆவி காற்றோடு போய் இன்டர்கூலரில் குளிர்ந்து படியும். சாய்த்தால் ஒன்றிரண்டு ஸ்பூன் வழிந்தாலும் பயப்பட வேண்டாம். அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று கொட்டினால்தான் பிரச்சினை. அவ்வளவு ஆயில் தேங்கி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால், மொத்தமும் இன்ஜினுக்குள் போய் அதுவே எரிபொருளாக எரியும். அப்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு கிளட்சை விட்டு அடக்க வேண்டும்.

ஆயில் வரும் வழியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் பைப்பைக் கழற்றி, பிரீதர் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கேயே ஈரமாக இருந்தால் ஆயில் பிரீதர் வழியாக வருகிறது: ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டர் அடைத்திருக்கலாம், டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து சும்மா மேலே வைத்துப் பாருங்கள். குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் மேல்தான் சந்தேகம். டர்போவுக்கு முன்னால் காய்ந்தும் பின்னால் நனைந்தும் இருந்தால் டர்போ சீல். அதற்காக உடனே டர்போவை மாற்றச் சொல்ல மாட்டேன். டர்போவிலிருந்து சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலும், ஏர் ஃபில்டர் மண் அடைத்து உறிஞ்சல் கூடியிருந்தாலும், நல்ல சீலே கசியும். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் நகர்வது விரலுக்குத் தெரிந்தாலோ, வீல் ஹவுசிங்கில் உரசியிருந்தாலோ டர்போவின் ஆயுள் முடிந்தது.

பிக்கப் குறைவதற்கு ஆயிலை விட ஹோஸ் கிழிசல்தான் பெரும்பாலும் காரணம். இழுவையில் கரும்புகை, உஸ்ஸென்று காற்றுச் சத்தம், ஸ்கேனரில் பி0299 கோடு (பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், போதவில்லை என்று அர்த்தம்), இவை வந்தால் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில்தான் கிழியும். காற்று கசியும் இடத்தில் கறுப்பாக ஆயிலும் தூசியும் ஒட்டியிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் இருபக்கமும் அடைப்பான் போட்டு, ரெகுலேட்டர் வைத்து 1 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் அடியுங்கள். கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் லைனை நேராக மாட்டினால் அடைப்பான் குண்டு மாதிரி பறக்கும்.

வெளிப்பக்கம் கழுவுவது சுலபம். இன்டர்கூலர் பெரும்பாலான வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும், ஃபார்ச்சூனர் 3.0-வில் பானட் ஸ்கூப்புக்கு நேர் கீழே, இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். (பழைய இன்னோவா 2.5-இல் தேட வேண்டாம், அதில் இன்டர்கூலரே கிடையாது.) காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் எனும் மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கிவிடும்.

உட்பக்கத்துக்கு இன்டர்கூலரை வண்டியிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். தலைகீழாக நிறுத்தி ஆயிலை வடியவிட்டு, ஒரு முனையை அடைத்து ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். மறுமுனையையும் மூடி அரை மணி நேரம் ஊறவிட்டு, இடையிடையே குலுக்கிக் கொட்டுங்கள். வருவது தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். மூன்று தடவை ஆகலாம். பிறகு வெந்நீரில் டிகிரீஸரோ பாத்திரம் கழுவும் லிக்விடோ கலந்து அலசி, நல்ல தண்ணீரில் நுரை போகும்வரை கழுவி, காற்றடித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். அவசரப்படாதீர்கள். உள்ளே தங்கிய மண்ணெண்ணெயும் தேங்கிய ஆயில் மாதிரியே எரியும்.

ரேடியேட்டர் கடையில் காஸ்டிக் சோடாவில் போட்டு எடுத்துத் தருகிறேன் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும். தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக் டேங்க் உள்ளவற்றில் ரப்பர் கேஸ்கெட் ஊதிப்போய் காற்று கசியும்.

டர்போ உடைந்து கம்ப்ரஸர் வீல் சிதறியிருந்தால் கழுவும் பேச்சே வேண்டாம், இன்டர்கூலரையும் சேர்த்து மாற்றுங்கள். உலோகத் துணுக்குகள் உள் ஃபின்களில் சொருகிக்கொள்ளும், எத்தனை முறை அலசினாலும் சில நிற்கும். பின்னர் ஒருநாள் இழுவையில் கிளம்பி சிலிண்டருக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

மாட்டும்போது ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். ஹோஸ் உட்காரும் இடத்தில் ஆயில் பசை இல்லாமல் பிரேக் கிளீனரால் துடையுங்கள்; பசை இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் கழன்று வரும். கிளிப்பை ஹோஸ் வெட்டுப்படும் அளவுக்கு முறுக்க வேண்டாம். பைப்பில் பூஸ்ட் சென்ஸார் இருந்தால் அதன் முனையில் படிந்த கரியை சென்ஸார் ஸ்பிரேயால் கழுவுங்கள், துணியோ ஊசியோ விடாதீர்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டால் அந்தச் சென்ஸார் கடல் மட்டத்தில் ஸ்கேனரில் சுமார் 100 கேபிஏ (வெளிக்காற்றின் இயல்பான அழுத்தம்) காட்ட வேண்டும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் கிளிப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழ் ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணி விட்டுத் துடையுங்கள். துணி சொட்டச் சொட்ட நனைந்து வந்தால் இன்டர்கூலரைத் தொட வேண்டாம், பிரீதருக்கும் டர்போவுக்கும் போங்கள்.