முன்பல் இன்னும் வரவில்லையே, காத்திருக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் பல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கூடுதல் பல், அதாவது வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் உருவாகும் பல் பற்றிப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கேள்வி: அக்கா, என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மேலே ஒரு முன்பல் வந்து எட்டு மாதமாகிறது. அதன் ஜோடியைக் காணோம். ஓரத்துச் சின்னப் பல்கூட வந்துவிட்டது. "வருகிறபோது வரும்" என்கிறார் மாமியார்.

பதில்: இனியும் காத்திருக்காதீர்கள், தங்கச்சி. மேல் நடுப்பற்கள் இரண்டும் 7, 8 வயதில் சில மாத இடைவெளியில் வந்துவிடும். ஒன்று வந்து 6 மாதம் கடந்தும் மற்றது வராவிட்டாலோ, ஓரத்துப் பல் முந்திக்கொண்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஈறுக்குள் கூடுதல் பல் ஒன்று வழியை மறித்திருக்கலாம். கூம்பு வடிவப் பல் என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பல்லைத் தள்ளும், திருப்பிவிடும். பல முனைகளோடு பீப்பாய் போல இருப்பதுதான் நடுப்பல்லை வரவிடாமல் அடைப்பது.

ஒரு தோட்டப் பள்ளியில் பத்து வயதுப் பையனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். தேய்ந்து பழுப்பேறிய பால்பல் அப்படியே இருந்தது. அண்ணத்தில் விரல் வைத்தால் மேடு தட்டியது. அதற்குள் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டன. கம்பி கட்டி இடம் உண்டாக்கி, உள்ளே சிக்கியிருந்த நிரந்தரப் பல்லை மெல்லிய சங்கிலியால் இழுத்து இறக்க வேண்டியதாயிற்று. பள்ளி விடுமுறையெல்லாம் கிளினிக்கிலேயே கழிந்தது அந்தப் பிள்ளைக்கு. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கேள்வி: தடையை எடுத்துவிட்டால் பல் தானாக வருமா?

பதில்: இடம் இருந்து, வேரும் முற்றாமல் இருந்தால் பெரும்பாலும் வரும். நடுப்பல்லின் வேர் 10 வயதுவாக்கில் முற்றிவிடும். எடுத்த மறுமாதமே எதிர்பார்க்காதீர்கள், ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். எந்தத் தொல்லையும் தராமல் ஆழத்தில் கிடக்கும் கூடுதல் பல்லை எடுக்காமல், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பதும் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே, அக்கா?

பதில்: போகாது, தம்பி. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தாலேயே பிள்ளைகளைக் கொண்டுவராத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மகளுக்குக் கீழே பால்பல் விழாமலேயே பின்னால் இரண்டு பற்கள் முளைத்துவிட்டன. அவையும் கூடுதலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நிரந்தரப் பற்கள்தாம் அவை. பால்பற்கள் ஆடினால் தினமும் ஆட்டிவிடச் சொல்லுங்கள். அவை விழுந்ததும் நாக்கே புதுப்பற்களை முன்னே தள்ளிவிடும். ஆடவே இல்லை என்றால் காட்டுங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டேன். மகனுக்குக் கூடுதல் பல் வந்தது அதனாலா?

பதில்: இல்லவே இல்லை, அம்மா. பல் உருவாகும் திசு தேவைக்கு மேல் வளர்வதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். நீங்கள் உண்டதோ நடந்ததோ அதற்குக் காரணமல்ல. ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். உதடு, அண்ணம் பிளவுபட்டுப் பிறந்த பிள்ளைகளிடமும் கூடுதலாகக் காணலாம். குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. ஆகவே அடுத்த முறை மகனின் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.