தொப்பிக்காரர் சொந்த ஊர் திரும்பினால்...

போன இதழில் 'ஜஸ்டிஃபைடு' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனைப் பற்றி, இதுவும் ஒரு வெஸ்டர்ன்தான் (துப்பாக்கியும் குதிரையுமாக வரும் அமெரிக்கக் கௌபாய் கதை) என்று நாலு வரி எழுதியிருந்தேன். 2010-ல் எஃப்எக்ஸ் சேனலில் வந்தது, மொத்தம் 13 எபிசோடு. கடிதங்கள் நிறைய வந்துவிட்டதால் இந்த முறை கேள்வி-பதில் முழுக்க அதைப் பற்றியே. முடிவைச் சொல்ல மாட்டேன், தைரியமாகப் படியுங்கள்.

அக்கா, குதிரை இல்லை, பாலைவனம் இல்லை. காரும் செல்போனும் இருக்கிறது. தலையில் பெரிய தொப்பி வைத்தால் வெஸ்டர்ன் ஆகிவிடுமா?
- கல்லூரி மாணவர், அரூர்

தொப்பியால் ஆகாது தம்பி. முதல் காட்சியைப் பாருங்கள். மியாமியில் ஒரு மொட்டைமாடி ஓட்டல். ரெய்லன் கிவன்ஸ் என்ற மார்ஷல், ஒரு ரவுடியிடம் 24 மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விடு என்று கெடு வைத்திருக்கிறார். கெடு முடிகிற நேரத்துக்கு அவன் மேஜைக்கே வந்து எதிரில் உட்காருகிறார். அவன் துப்பாக்கியை எடுக்கிறான், இவர் சுட்டுவிடுகிறார். முதலில் எடுத்தது அவன்தான், அதனால் சட்டப்படி சரி. ஆனால் அவனை எடுக்க வைத்தது யார்? சீசன் முழுக்க அந்தக் கேள்வி இவரை விடாது.

இந்தத் தொடர் எல்மோர் லெனர்டின் ஒரு சிறுகதையிலிருந்து வந்தது. அவர் 1950-களில் வெஸ்டர்ன் கதைகள் எழுதித் தொடங்கியவர், குற்றக் கதைக்கு வந்தது அப்புறம்தான்.

வெஸ்டர்ன் புரிய வேண்டுமானால் நம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டிய கற்கள் நம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள், கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள். அரசன் எங்கோ தூரத்தில் இருக்க, இங்கே ஆயுதம் எடுத்தவன்தான் நியாயத்தைத் தீர்த்தான். அமெரிக்க வெஸ்டர்னிலும் பாதிக் கதை மாட்டு மந்தைதான். ரெய்லன், அவருக்கு எதிராளியாக வரும் ரவுடி பாய்ட் இரண்டு பேருக்குமே கல் நடுகிற மனசோடு எழுதப்பட்ட தொடர் இது. அதனால்தான் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

மார்ஷல் என்றால் நம் எஸ்.பி. மாதிரியா?
- வாசகி, பாலக்கோடு

இல்லைங்க. மார்ஷல் மத்திய அரசின் ஆள், 1789-லிருந்து இருக்கிற பதவி. தப்பி ஓடியவர்களைப் பிடிப்பது, நீதிமன்றப் பாதுகாப்பு, சாட்சிகளை ஒளித்துக் காப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஷெரீஃப் வேறு, அவரை அந்தந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

தேர்தல் வந்தால் நம் ஊரில் சொந்த மாவட்டத்து அதிகாரிகளை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவார்கள், தெரியுமில்லையா? இங்கே தலைகீழ். மியாமியில் சுட்டதற்காக ரெய்லனை, சொந்த ஊரான ஹார்லன் இருக்கும் கென்டக்கி மாநிலத்துக்கு அனுப்புகிறார்கள். அப்பா உள்ளூர்க் கிரிமினல். விவாகரத்தான மனைவி கோர்ட்டில் ஸ்டெனோ. இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூட வேலை பார்த்த பாய்ட் ரவுடிக் கூட்டத்தின் தலைவன். சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டு அலைகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவருக்கு அதுவே தண்டனை.

ஹார்லன் நிஜமான ஊரா? அங்கேயே எடுத்தார்களா?
- லாரி ஓட்டுநர், பர்கூர்

நிஜ ஊர்தான். கென்டக்கியின் தென்கிழக்கில் அப்பலாச்சியன் மலைக்குள் இருக்கிற நிலக்கரிப் பூமி. 1930-களில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் நடந்த மோதலில் 'ரத்த ஹார்லன்' என்றே பெயர் வாங்கியது. 1973-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியிருக்கிறது. ஆனால் படப்பிடிப்பு அங்கே இல்லை. முதல் எபிசோடு பென்சில்வேனியாவில், மற்றதெல்லாம் கலிபோர்னியாவில்.

நீங்கள் பர்கூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். என் அப்பா உங்கள் பக்கம் ஒரு ஜல்லி குவாரியில் கம்ப்ரசர் வைத்துக் குழி போட்டவர். குழியில் மருந்து கெட்டித்து, திரி பற்ற வைக்கும் முன் ஒருவர் சிவப்புக் கொடியோடு ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்துவார். இன்னொருவர் விசில் ஊதி, 'வேட்டு, வேட்டு' என்று கத்துவார். ஆட்கள் பாறை மறைவுக்கு ஓடுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலும் இப்படி ஒரு கத்தல் உண்டு, 'ஃபயர் இன் த ஹோல்' என்று. கூட வேலை செய்கிறவன் பிழைக்க வேண்டும் என்று கத்துவது அது. முதல் எபிசோடில் பாய்ட் ஒரு தேவாலயத்தின் மேல் ராக்கெட் விடும்போது அதையே கத்துகிறான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

பாய்ட் கெட்டவன் என்று தெரிந்தும் அவன் வந்தால்தான் தொடர் களை கட்டுகிறது. இது தப்பா?
- வாசகர், காவேரிப்பட்டினம்

தப்பில்லை, எடுத்தவர்களுக்கே அப்படித்தான் ஆனது. மூலக் கதையில் பாய்ட் செத்துப்போகிறான். தொடரிலும் முதல் எபிசோடோடு அவன் கதையை முடிப்பதாகத்தான் இருந்தார்கள். முன்னோட்டமாகப் பார்த்த ரசிகர்களுக்கு பாய்டாக வரும் வால்டன் காகின்ஸின் நடிப்பு ரொம்பப் பிடித்துப்போக, பிழைக்க வைத்தார்கள்.

முதல் எபிசோடில் வரும் சாப்பாட்டு மேஜைக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். தட்டில் சாப்பாடு இருக்கிறது. இளவயதில் ஒன்றாகக் கரி வெட்டிய இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மரியாதையாகப் பேசுகிறார்கள். ரெய்லன் நெஞ்சில் சுட்டுவிட்டு மன்னிப்பும் கேட்கிறார். அப்புறம் சிறையில் பாய்ட் பைபிளைக் கையில் எடுக்கிறான். நிஜமாகவே மனம் திரும்பினானா, நடிக்கிறானா? ரெய்லன் கடைசி வரை நம்ப மறுக்கிறார். நான் நம்பினேன். 12-ம் எபிசோடு வரும்போது நீங்களும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

நடுவில் எபிசோடுக்கு ஒரு கேஸ் என்று இழுக்கிறார்களே, தள்ளிவிட்டுப் பார்க்கலாமா?
- வாசகி, ஓசூர்

2-ம், 6-ம் சுமார்தான். 4-ஐத் தள்ளாதீர்கள். மாஃபியாவுக்குக் கணக்கு எழுதிவிட்டு ஓடிப்போனவர், பெயரை மாற்றிக்கொண்டு பல் டாக்டராகப் பிழைக்கிறார். கோபத்தில் ஒருவரின் பல்லைப் பிடுங்கி மாட்டிக்கொள்கிறார். அந்த மனிதர் மெக்சிகோ எல்லை வரை போகிற போக்கைப் பார்த்து நான் அழுதேன். 9-ல் ரெய்லன் சண்டையில் அடி வாங்கித் தொப்பியைப் பறிகொடுக்கிறார். அதுவும் கட்டாயம்.

பத்தாவது படிக்கும் பையனோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
- வாசகி, பென்னாகரம்

வேண்டாம்மா. ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய. பாய்ட் கூட்டத்தின் நிறவெறிப் பேச்சு பெரியவர்களுக்கே கஷ்டமாக இருக்கும். நீங்கள் பார்க்கும்போது சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த மலைப் பக்கத்து ஆங்கிலம் லேசில் பிடிபடாது.