வேக்குவம் போடத் தெரிந்த பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

ஈரோடு பக்கம் ஃபிரிட்ஜ், ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் போன வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, படிப்பு பற்றி யோசனை கேட்க என்னிடம் வந்தார். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 171. ஆசைப்பட்ட கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கவுன்சலிங்கில் கிடைக்காது என்று தெரிந்ததும், மாமா ஒருவர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கு ஹாஸ்டலோடு பதினான்கு லட்சம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால் பணம் புரண்டுவிடும்.

"பாப்பா பி.எஸ்சி. பிசிக்ஸ்தான் படிப்பேன்னு அடம் பிடிக்குதுங்க. அதைப் படிச்சு என்ன பண்றதுன்னு சொந்தத்துல எல்லாரும் கேக்கறாங்க. நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, லீவு நாளில் என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். அப்பாவோடு சர்வீஸுக்குப் போவாளாம். "கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி, குழாயில இருக்கற காத்தைப் பம்பால உறிஞ்சி வேக்குவம் போடுவோம் சார். பம்பை நிறுத்திட்டு கேஜைப் பாக்கணும். முள் நகர்ந்தா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். அப்பா அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போதும்பாங்க. நான் இருபது நிமிஷம் உக்காந்து பாப்பேன்."

அன்று பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன் ஐயா. உங்கள் நிலையில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும்.

முதலில் பணம். வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. விருப்பத்தோடு போகிற பிள்ளைக்கு, தகுதியில் கிடைக்கிற இடத்தில், அது நல்ல படிப்புதான். ஆனால் பிள்ளை வேண்டாம் என்கிற படிப்பை, வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தராத ஒரு கல்லூரியில், இருக்கிற ஒரே வீட்டைப் பணயம் வைத்து வாங்குவதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது? வட்டி முதல் மாதமே ஓட ஆரம்பித்துவிடும். சம்பளம் வந்தால் நான்கு வருடம் கழித்து வரும். பேசி வைத்த மாமா நல்லவர்தான், அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள். பிடிக்காத பாடத்தில் அரியர் விழுந்தால் ராத்திரி தூங்காமல் அழப் போவது உங்கள் மகள்.

சரி, இயற்பியல் படித்தால்? ஆசிரியர் வேலை, வங்கித் தேர்வு, குரூப் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு துறையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: துகள் முடுக்கி.

எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற நுண்துகள்களை மின்புலத்தால் உந்தி, ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் இயந்திரம் அது. பெரிய முடுக்கி ஒன்றைக் கட்டப் பல ஆயிரம் கோடி ஆகும். கட்டி முடித்த பிறகு, நினைத்தது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் முன்கூட்டியே சின்ன அளவில் ஒன்றைக் கட்டி, சிக்கலான பகுதிகளை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் முடுக்கிச் சோதனைக் கூடம். அதில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை செய்வது வழக்கம்.

ஜப்பானில் டோக்கியோவுக்கு வடகிழக்கே சுகுபா நகரில் கே.இ.கே. என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஏ.டி.எஃப். என்று ஒரு சோதனைக் கூடம், 1.3 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள எலெக்ட்ரான் கற்றையோடு 1990களிலிருந்து இயங்குகிறது. எதிர்காலத்தில் வரக்கூடிய நேர்கோட்டு மோதுவிக்காக, அதாவது துகள்களை நேர்கோட்டில் எதிரெதிரே ஓட்டி மோதவிடும் இயந்திரத்துக்காக, கற்றையை எவ்வளவு மெலிதாகக் குவிக்க முடியும் என்று பார்ப்பது அதன் முக்கிய வேலை. வைத்துக்கொண்ட இலக்கு 37 நானோமீட்டர் உயரம். பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 2016இல் 41 வரை வந்தார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அது. இவ்வளவு மெலிந்த ஒன்றை எப்படி அளப்பது? இரண்டு லேசர் ஒளிகளைக் குறுக்கே சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாக வரி வரியாக ஒரு பட்டை உண்டாகும். அந்தப் பட்டையைக் கற்றையின் குறுக்கே மெல்ல நகர்த்தினால், சிதறி வரும் காமா கதிர்கள் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். தரை லேசாக அதிர்ந்தாலும், அறையின் வெப்பம் கொஞ்சம் மாறினாலும் கற்றை இடம் மாறிவிடும். இங்கே இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒரு மின்னணுச் சுற்றை வைத்திருந்தது. முன்னால் போகும் துகள் கொத்து எங்கே விலகியது என்று அளந்து, பின்னால் வரும் கொத்தைத் திருத்தும் வேலை அதற்கு. அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. ஐரோப்பா, அமெரிக்கா, கொரியா, சீனா என்று பல நாட்டு மாணவர்கள் இங்கே வந்து இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து, முனைவர் பட்டத்துக்கான அளவீடுகளை எடுத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். இதில் நம் நாடும் பங்காளி. அமெரிக்காவில் சிகாகோ அருகே ஃபெர்மிலேப் ஆய்வகம் 'பிப்-2' என்ற 800 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் முடுக்கியைக் கட்டுகிறது. அதற்கு இந்தியா, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ், போலந்து ஐந்தும் பாகங்கள் செய்து தருகின்றன. அதன் முன்பகுதியை ஓட்டிப் பார்த்த சோதனைக் கூடத்தில், துகளை உந்தும் ரேடியோ அலைக்கான ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு பகுதி மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் என்று டெல்லியில் ஒன்று இருக்கிறது. அது நியோபியம் உலோகத்தில் அதிர்வறைகளை, அதாவது ரேடியோ அலையால் துகளை உந்தும் அறைகளை, செய்து கொடுத்தது. நியோபியம் சூடானால் காற்றை உறிஞ்சிக் கெட்டுவிடும். அதனால் வெற்றிடத்துக்குள் வைத்து எலெக்ட்ரான் கற்றையால்தான் அதைப் பற்றவைக்க வேண்டும். பிறகு தூசி இல்லாத அறையில் கழுவி, பூட்டி, திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். உள்ளே ஒரு தூசி இருந்தாலும் சிக்கல்தான்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். முடுக்கிக் குழாயில் காற்று இருந்தால் துகள்கள் அதில் மோதிச் சிதறிவிடும். அதனால் நீங்கள் ஏசியில் இறக்கும் அளவிலிருந்து இன்னும் பல கோடி மடங்கு கீழே வேக்குவம் வேண்டும். நீங்கள் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவி லீக் பார்க்கிறீர்கள் அல்லவா? அங்கே ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஹீலியத்தை ஊதி, மறுமுனையில் ஒரு கருவி ஹீலியத்தை மோப்பம் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். முள்ளைப் பார்த்தபடி இருபது நிமிடம் அசையாமல் உட்காரும் பொறுமை, அந்த வேலையில் பாதி. உங்கள் மகளிடம் அது இப்போதே இருக்கிறது. அதை உங்கள் கடையில்தான் கற்றுக்கொண்டாள்.

வழி இதுதான். பக்கத்திலிருக்கும் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். வீட்டிலிருந்தே போகலாம், கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். இடையில் கோடை விடுமுறைப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டெல்லி மையமே பி.எஸ்சி. மாணவர்களுக்கு அப்படி ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. அப்புறம் எம்.எஸ்சி. அதன்பின் இரண்டு கதவுகள். ஒன்று அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி. மும்பை, இந்தூர், நம் கல்பாக்கம் என்று பல இடங்களில் நடக்கிறது. ஒரு வருடப் பயிற்சி, அந்த வருடம் உதவித்தொகையும் உண்டு, தேறினால் விஞ்ஞானிப் பதவி. இந்தூரில் எலெக்ட்ரான்கள் சுற்றி வரும், 172 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 வளையம் ஓடுகிறது. கல்பாக்கத்திலும் 1.7 மில்லியன் வோல்ட் முடுக்கி ஒன்று உண்டு. இன்னொரு கதவு, நெட் அல்லது ஜெஸ்ட் தேர்வு எழுதி முனைவர் பட்டம். ஆராய்ச்சி மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால்கூட, பாபா மையம் அறிவிப்பு விடும்போது உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து விஞ்ஞான உதவியாளராக எடுத்துக்கொள்கிறது.

கடினத்தையும் மறைக்க மாட்டேன். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். முனைவர் பட்டம் என்றால் இருபத்தெட்டு வயதாகிவிடும். அந்தப் பத்து வருடமும் சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், நீங்கள்தான் நடுவில் நிற்க வேண்டும். கணக்கு கனமாக இருக்கும். கல்லூரியில் பிராக்டிகல் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு வரவே கூடாது. சால்டரிங், மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி மூன்றையும் இரண்டாம் வருடத்துக்குள் கையில் பழக வேண்டும். ஆராய்ச்சி மையம் கிடைக்கவில்லை என்றாலும் கற்றது வீணாகாது. புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுக்கும் லினாக் கருவியும் ஒரு முடுக்கிதான். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படித்தால் அந்தப் பக்கம் போகலாம். சிப் செய்யும் தொழிற்சாலைகளும் எம்.ஆர்.ஐ. கருவிகளும்கூட வேக்குவம், குளிர்விப்பு தெரிந்தவர்கள் இல்லாமல் ஓடாது.

இன்னொன்று, நான் சொன்னேன் என்பதற்காக அவளை இதிலும் தள்ளிவிடாதீர்கள். மாமா செய்ததை நானும் செய்ததாகிவிடும். பி.எஸ்சி. இரண்டாம் வருடம் முடியும்போது வேறு பக்கம் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் போகட்டும். அப்போதும் வீடு உங்கள் பெயரில்தான் இருக்கும்.

இப்போதைக்கு மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். மாமாவிடம் நான் பேச வேண்டும் என்றால் என் நம்பரைக் கொடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை பாப்பாவை வரச் சொல்லுங்கள், உங்கள் கேஜ் செட்டையும் அவளிடம் கொடுத்தனுப்புங்கள். முள் நகர்ந்தால் லீக் எந்த இணைப்பில் என்று அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று நான் உட்கார்ந்து கேட்க வேண்டும்.