உருளைக்கிழங்கு சாலட்: முதலில் குக்கரை ஓரமாக வையுங்கள்

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே உருளைக்கிழங்கு சாலட் செய்தேன். கிழங்கைக் குக்கரில் மூன்று விசில் விட்டு, ஆறிய பின் நறுக்கி, கடையில் வாங்கிய மயோனைஸைக் கலந்தேன். கிளறக் கிளற மசியல் மாதிரி ஆகிவிட்டது. உப்பு போதுமான அளவு போட்டும் சப்பென்று இருந்தது. மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர். மயோனைஸ் சரியில்லையா? வீட்டிலேயே செய்தால் பாதுகாப்பா? பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கொடுத்துவிடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: மூன்று புகாருக்கும் மயோனைஸ் மேல் சந்தேகப்படுகிறீர்கள். அது கடைசியில் வந்து சேர்ந்த ஆள். கோளாறு அதற்கு முன்பே அடுப்பில் நடந்து முடிந்துவிட்டது.

குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்து மாதிரி. அந்தச் சூட்டில் சாந்து கரைந்துவிடும். மசாலா தோசைக்கும் போண்டாவுக்கும் நமக்கு வேண்டியதே அதுதான் என்பதால் குக்கர் அங்கே சரி. சாலட்டுக்குத் துண்டு துண்டாக நிற்க வேண்டும். அதற்குத் திறந்த பாத்திரம்தான்.

இதைச் சரிசெய்யும் வழி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சாம்பாரில் புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று அம்மா திட்டியிருப்பார் அல்லவா? புளிப்பு இருந்தால் பெக்டின் சீக்கிரம் கரையாது. குழம்பில் அது தொல்லை, இங்கே அதுவே உதவி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. அவ்வளவு போதும், வினிகர் கூடினால் கிழங்கு நறுக்கென்றே நின்றுவிடும்.

கிழங்கைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நடு வேகும் முன் மேல்புறம் கரைந்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, குமிழி மெல்ல வரும்படி வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கிழங்குகள் முட்டிக்கொண்டு ஓரம் உடையும். நடுத்தர அளவுக் கிழங்கு தோலோடு முழுசாக வேகக் கொதி வந்த பின் 20 முதல் 25 நிமிடம் ஆகும். கடிகாரத்தை விடக் கத்தியை நம்புங்கள்: மெல்லிய கத்தியைக் குத்தித் தூக்கினால் கிழங்கு ஒரு நொடி தொங்கி, பிறகு தானாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டே வந்தால் இன்னும் வேக வேண்டும். குத்தும்போதே இரண்டாகப் பிளந்தால் அன்றைக்குச் சாலட் கிடையாது, கட்லெட்தான்.

அடுத்தது எந்தக் கிழங்கு என்பது. கெட்டியாக நிற்கும் ரகம், மாவாக உதிரும் ரகம் என்று இரண்டு உண்டு. மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் வித்தியாசம். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் மஞ்சள் சதையுள்ள குஃப்ரி புக்ராஜ் மாவுச்சத்து குறைந்தது. குஃப்ரி சிப்சோனா, பெயருக்கேற்றபடி, சிப்ஸுக்கென்றே உருவாக்கிய மாவு மிகுந்த ரகம். ஆனால் காய்கறிக் கடையில் போய்ப் புக்ராஜ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டிக் கிழங்கா, வடக்கேயிருந்து வந்ததா என்பதற்கு மேல் பதில் வராது.

அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை. கிராமத்தில் விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிப்பார்களே, அதேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் தூள் உப்பை முழுதாகக் கரையுங்கள். கழுவிய கிழங்குகளைப் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்தால் மாவுக் கிழங்கு. மிதந்தால் சாலட்டுக்கு ஏற்றது. மாவுச்சத்து தண்ணீரை விடக் கனமானது என்பதுதான் இதன் கணக்கு. நெல்லில் மிதப்பதைத் தள்ளுவோம், இங்கே மிதப்பதை எடுக்கிறோம். நான் முதல்முறை செய்தபோது ஒரே கடையில் ஒரே கூடையில் எடுத்த எட்டுக் கிழங்கில் மூன்று மிதந்தன, ஐந்து அடியில் கிடந்தன. அப்போதுதான் புரிந்தது, ஒரே பாத்திரத்தில் வேகவைத்தும் பாதி குழைந்து பாதி நறுக்கென்று இருப்பதற்குக் காரணம்.

எல்லாமே அடியில் போனால்? தூக்கி எறிய வேண்டாம். அப்படிப்பட்ட கிழங்கைத் தோல் சீவி 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அதே வினிகர் தண்ணீரில் வேகவையுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதம் வரும். ஓரங்கள் கூர்மையாகவே நிற்கும். சுவையில் முழுசாக வேகவைத்ததற்கு ஒரு படி குறைவுதான், ஆனாலும் மசியலாகாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவேன்: பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரியலில் காரம் அதை மறைத்துவிடும். சாலட்டில் தித்திப்பு அப்பட்டமாகத் தெரியும்.

சரி, சப்பென்று இருந்ததற்கு வருவோம். என்னைக் கேட்டால் நல்ல சாலட்டுக்கும் சுமாரான சாலட்டுக்கும் வித்தியாசம் இந்த ஓரிடத்தில்தான். நீங்கள் கிழங்கை ஆறவிட்டு நறுக்கி, உப்பு மயோனைஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். ஆறிய கிழங்கு எதையும் உள்ளே வாங்காது. உப்பு வெளியே மயோனைஸில் இருக்கும், உள்ளே வெறும் கிழங்கு. கொழுப்பு மேலே பூசிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

சூடாக இருக்கும்போதே வினிகரும் உப்பும் உள்ளே போய்விட வேண்டும். இதில் தேர்ந்தவர்கள் தெற்கு ஜெர்மனிக்காரர்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் செய்யும் சாலட்டில் மயோனைஸே கிடையாது. தோலோடு வேகவைத்து, கை சுடச்சுட உரித்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து, அதன் மேல் சூடான இறைச்சிச் சாறும் வினிகரும் கடுகு பேஸ்டும் கலந்து ஊற்றுவார்கள். கிளறும்போது சப்புக் கொட்டுவது போல ஒரு சத்தம் வர வேண்டும்; அந்தச் சத்தம் வந்தால்தான் அது சாலட் என்பது அங்கத்திய பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு ஜெர்மனியில் பல வீடுகளில் விருந்தே இதுவும் ஒரு சாஸேஜும்தான். வடக்கே போனால் மயோனைஸ் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒருவர் சாலட்டை மற்றவர் மதிப்பதில்லை. நம் ஊர் சாம்பார்ச் சண்டை மாதிரிதான்.

நாம் மயோனைஸ் போடுவதானாலும் அந்த முதல் பாதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோ கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடித்து, காலிப் பாத்திரத்திலேயே மறுபடி போட்டு, அணைத்த அடுப்பின் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். ஆவி பறந்து மேல்புறம் வெளுத்துக் காயும். முள்கரண்டியில் குத்திப் பிடித்துக்கொண்டு உரித்தால் கை சுடாது. நறுக்கி, அகலமான தட்டில் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் தூவுங்கள். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். வினிகர் தட்டில் தேங்காமல் காணாமல் போயிருக்கும். அந்த நிலையில் ஒரு துண்டை எடுத்துத் தின்று பாருங்கள். அதுவே ருசியாக இல்லாவிட்டால் மயோனைஸ் வந்து காப்பாற்றாது.

முழுசாக ஆறிய பின்தான் மயோனைஸ். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானமானது. ஹோட்டல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்துக்கு நேரமாகிறது என்று பத்துக் கிலோ வெந்நீர்ச் சூட்டுக் கிழங்கில் மயோனைஸைக் கொட்டிக் கிளறினேன். கண் முன்னாலேயே அது திரிந்து, எண்ணெய் தனியாகப் பிரிந்து, கிழங்கு பளபளவென்று மின்னியது. மயோனைஸ் என்பது எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்துக் கட்டி வைத்திருக்கும் கலவை. சூட்டில் கட்டு அவிழ்ந்துவிடும். தலைமை செஃப் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்து, பரவிய எண்ணெய் வட்டத்தை எனக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கிலோ கிழங்குக்கு 200 கிராம் மயோனைஸ் தாராளம். எனக்கு 150 கிராம் மயோனைஸும் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் நான்கு கரண்டியும் பிடிக்கும், திகட்டாது. ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட், வேகவைத்த முட்டை மூன்று. அமெரிக்கக் குறிப்புகளில் செலரித் தண்டு வரும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், கடிக்க நறுக்கென்று ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். குடைமிளகாய் போதும். ஜாடியில் வரும் கெர்கின் (குட்டி வெள்ளரி) ஊறுகாய் கிடைத்தால் இன்னும் நல்லது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் விளைந்து கப்பலேறும் சரக்குதான் அது. கிளறுவதற்குக் குழிக்கரண்டி வேண்டாம். தோசைத் திருப்பியை அடியில் விட்டுப் புரட்டுங்கள்.

கிண்ணத்தின் அடியில் நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேள்வியில் நீங்கள் சொல்லாத இரண்டு விஷயத்தை நான் ஊகிக்கிறேன். வெங்காயமோ வெள்ளரியோ பச்சையாகப் போட்டிருப்பீர்கள். கிழங்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடி ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். உப்புப் பட்டால் இரண்டு காயும் இரவெல்லாம் நீர் விடும். மூடியில் படிந்த ஆவியும் சொட்டும். வெள்ளரியில் விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்து, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வினிகர் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழியுங்கள், நெடியும் அடங்கும். கலந்த பின் மூன்று மணி நேரம் குளிரட்டும். பரிமாறும் முன் மறுபடி உப்புப் பாருங்கள். குளிர்ந்த உணவில் உப்பு மட்டாகத்தான் தெரியும்.

மயோனைஸ் பயம் நியாயமானதுதான். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால்தான் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது. தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலேயே தடை விதித்திருந்தது. சீல் வைத்துக் கடையில் வரும் முட்டையில்லாத மயோனைஸ் இந்தக் கணக்கில் வராது. வீட்டில் செய்வதானால் பாலில் செய்யுங்கள்: காய்ச்சி ஆறி ஃபிரிட்ஜில் குளிர்ந்த பால் 100 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் கடுகு பேஸ்ட். பாலை மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓடவிட்டு எண்ணெயை நூல் போல ஊற்றினால் கெட்டிப்படும். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஃபிரிட்ஜில் உறைந்து மணல் மாதிரி நாக்கில் படும்.

ஆனால் சாலட் கெட்டுப்போனால் எல்லோரும் மயோனைஸைத்தான் திட்டுகிறார்கள். கடை மயோனைஸில் புளிப்பு இருப்பதால் கிருமி அதில் சுலபமாக வளராது. வெந்த கிழங்குதான் ஈரமும் மாவுமாகக் கிருமிக்கு விருந்து வைப்பது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்தில் பரிமாறிய உருளைக்கிழங்கு சாலட்டால் 29 பேருக்கு பாட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் உணவு நச்சு நோய் வந்து ஒருவர் இறந்தார். காரணம் வீட்டில் சரியாகப் பதப்படுத்தாமல் ஜாடியில் அடைத்து வைத்த கிழங்கு.

எனவே டிபன் பாக்ஸ் வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி பெருகும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதை வெளியே வைக்கக் கூடாது. காலை எட்டு மணிக்குக் கட்டி மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கும் பெட்டி அதற்குத் தாங்காது. மயோனைஸ் போடாத ஸ்வாபியச் சாலட்டுக்கும் இதே விதிதான். பள்ளி விட்டு வந்ததும் கொடுங்கள். மிச்சமிருந்தால் இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் தாங்கும். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, ஓரத்தை வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஜப்பானில் உருளை சாலட் சாண்ட்விச் கடைகளில் விற்கிற சாமான். உங்கள் மகளுக்குச் சாலட்டை விட அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.