எது நிஜமான நான்?

கேள்வி: சென்னையில் ஒரு வங்கிக் கிளையின் கவுன்டரில் இருக்கிறேன். வயது 29. வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் சிரித்த முகமாகப் பதில் சொல்வேன். பொறுமைசாலி என்றே பெயர். ஆனால் மாதம் ஒருமுறை கோவில்பட்டிக்குப் போனால், வீட்டுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். திரும்பும் பஸ்ஸில் மனது அறுக்கிறது. வெளியே நடிக்கிறேனா? எது நிஜமான நான்?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, இரண்டுமே நீங்கள்தான். எனக்கு 58 வயது. அண்ணன் வீட்டுக்குப் போனால் இன்றும் ஜன்னலோர நாற்காலிக்கு அவரோடு மல்லுக்கு நிற்பேன். என் வீட்டில் பேத்தி கேட்டால் மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுத்துவிடுவேன். எதிரே யார் என்பதைப் பொறுத்துத்தான் ஆள் வெளியே வருகிறோம்.

நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரத்தைப் பார்ப்போம். கிளாம்பாக்கத்தில் ஏறி, இரவெல்லாம் கழுத்து ஒடிய வந்திருப்பீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஏன்யா இப்படி வத்திப்போயிருக்க?” அடுத்த மூச்சில், தரகர் கொண்டுவந்த ஜாதகம். கவுன்டரில் கத்துகிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கோபம் பாஸ்புக்கோடு சரி. அம்மா கேட்பதோ, மார்க் ஷீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற பையனிடம் கேட்ட அதே குரலில். பதில் சொல்வதும் அந்தப் பையன்தான்.

அப்புறம், கவுன்டரில் கத்தினால் மெமோ வரும். அம்மாவிடம் கத்தினால் பத்தாவது நிமிடம் தட்டில் தோசை வரும். பள்ளியில் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் பையை வீசுகிறதே, அதே கணக்கு. “எங்கிட்டதானே கோபப்படுவான்” என்று சில அம்மாக்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஏனென்றால் வீட்டுப் பேச்சு உடம்புக்குள் போகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவினரும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 42 தம்பதியரின் கையில் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தார்கள். ஒருமுறை ஆதரவாகப் பேச வைத்தார்கள்; இன்னொரு முறை தங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைப் பேச வைத்தார்கள். இரண்டாவது பேச்சுக்குப் பிறகு புண் மெதுவாகத்தான் ஆறியது. அதிகம் குத்திப் பேசிக்கொண்ட ஜோடிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீதம்தான். அவர்கள் கணவன் மனைவி, நீங்கள் தாய் மகன். அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

குணத்தை மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்த அரை மணி நேரத்தை மாற்றுங்கள். பஸ் ஏறும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: “வந்ததும் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் தூங்குவேம்மா. எந்திரிச்சு பேசுவோம்.” எழுந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு கேளுங்கள். முட்டி எப்படி இருக்கிறது, எதிர்வீட்டுத் தகராறு என்ன ஆயிற்று, எதுவானாலும் சரி. கேட்கிறவர் நீங்கள் ஆனதும் அவர் குரல் இறங்கும், கவனித்துப் பாருங்கள். முதல் தடவை சொதப்பத்தான் செய்யும். எரிந்து விழுந்துவிட்டால், பஸ் ஏறும்வரை காத்திருக்காமல் அடுப்படிக்குப் போய் “தப்புதாம்மா” என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோபம் மற்ற இடங்களுக்கும் பரவி, தூக்கமும் கெட்டால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள்; அது அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஜாதகப் பேச்சிலிருந்து உங்களால் தப்ப முடியாது. அதை நீங்களே எடுங்கள், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது. வாசலில் செருப்போடு நின்றுகொண்டு வேண்டாம்.