இத்தாலிய மொழியில் ‘இருக்கு’ என்பதை எப்படிச் சொல்வது?

கேள்வி: திருமணமாகி பலெர்மோவுக்கு வந்திருக்கிறேன். மாலை வகுப்பில் இத்தாலிய மொழி படிக்கிறேன். ‘ஏ’, ‘ச்சே’ இரண்டுக்கும் ‘இருக்கிறது’ என்றே பொருள் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் பால் இருக்கிறதா என்று ‘லாத்தே ஏ?’ என்று கேட்டால் அவர்களுக்குப் புரியவில்லை. ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று ‘ச்சி ஸோனோ’ போட்டுச் சொன்னால் ஆசிரியை திருத்துகிறார். எது எப்போது வரும்?

பதில்: தமிழில் ‘இருக்கு’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. ஓரிடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. ஒருவரிடம் என்ன இருக்கிறது என்றும் சொல்கிறது. இத்தாலியர் இந்த மூன்றுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறார்கள்.

முதலில் பிள்ளைகள் விஷயத்தை முடித்துவிடலாம், அது எளிது. தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’, ‘என்னிடம்’, ‘அவருக்கு’ என்று வந்தால் ‘ச்சே’யைத் தொடாதீர்கள். அங்கே ‘வைத்திருத்தல்’ என்று பொருள்படும் ‘அவேரே’ என்ற வினைதான் வரும், ‘நான்’ என்னும்போது அது ‘ஓ’ ஆகும். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பது ‘ஓ தூவே ஃபில்யி’. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பது ‘ஓ லா ஃபெப்ரே’. ‘எனக்குப் பசிக்கிறது’ கூட ‘ஓ ஃபாமே’தான். வயது சொல்வதும் இப்படியே: ‘ஓ த்ரெந்தான்னி’ என்றால் எனக்கு முப்பது வயது. ‘எனக்கு நேரமில்லை’, ‘நோன் ஓ தெம்போ’. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான் என்பேன். 

இனி ‘ஏ’, ‘ச்சே’. ‘ச்சே’ என்பது ‘ச்சி’யும் ‘ஏ’யும் ஒட்டியது. ‘பச்சை’ என்னும்போது வரும் அழுத்தமான ச ஒலி. அந்த ‘ச்சி’க்கு ‘அங்கே, இங்கே’ என்று பொருள். ஓர் இடத்துக்குப் பதிலாக நிற்கும் சிறு சொல் அது. எழுதும்போது (c’è) முதல் எழுத்துக்கும் ‘ஏ’க்கும் நடுவில் மேற்குறி வேண்டும், ‘ஏ’யின் தலையில் கோடும் வேண்டும். கோட்டை விட்டால் அது ‘உம்’ என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும்.

மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது: ‘சுல் தாவொலோ ச்சே உன் லிப்ரோ’. புத்தகம் மேசையில் இருக்கிறது: ‘இல் லிப்ரோ ஏ சுல் தாவொலோ’. தமிழில் வினை மாறவில்லை, ‘ஒரு’ போய்ச் சொல்வரிசை மாறியிருக்கிறது பாருங்கள். முதல் வாக்கியத்தில் இடம் தெரியும், அங்கே என்ன இருக்கிறது என்பது புதுச் செய்தி. இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரியும், அது இருக்கும் இடம்தான் செய்தி. உங்கள் காதுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே பழக்கம். தெருவில் நின்று ‘பக்கத்தில் மருந்துக்கடை ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ச்சே ஊனா ஃபார்மாச்சீயா க்வி விச்சீனோ?’. தெரிந்த மருந்துக்கடை எங்கே என்று கேட்டால் ‘தொவே லா ஃபார்மாச்சீயா?’.

‘உன், ஊனா வந்தால் ச்சே, இல், லா வந்தால் ஏ’ என்று ஒரு விதியை வகுப்புகளில் சொல்லித் தருவார்கள் (உன், ஊனா என்றால் ‘ஒரு’; இல், லா தெரிந்த பொருளுக்கு முன் வருபவை). அதை முழுதாக நம்ப வேண்டாம். மருத்துவரின் அறை வாசலில் ‘டாக்டர் இருக்கிறாரா?’ என்று கேட்க ‘ச்சே இல் தொத்தோரே?’ என்பதே சரி. தெரிந்த ஆள்தான், ஆனாலும் ‘ச்சே’ வருகிறது. பதிலாக இப்படி வரலாம்: ‘இல் தொத்தோரே நோன் ச்சே, ஏ ஆ காஸா.’ டாக்டர் இல்லை, வீட்டில் இருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். இரண்டாம் பாதியில் ‘வீட்டில்’ என்று இடத்தைச் சொல்லிவிட்டதால் ‘ஏ’ போதும். முதல் பாதியில் இடம் சொல்லப்படவில்லை, அதனால் அந்த இடத்தை ‘ச்சி’ நிரப்புகிறது. ‘இருக்கிறாரா?’ என்றால் ‘ஸி, ச்சே’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ‘ஸி, ஏ’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும். உங்கள் ‘லாத்தே ஏ?’ புரியாமல் போனதும் இதனால்தான். ‘ச்சே இல் லாத்தே?’ என்று கேளுங்கள். அல்லது ‘அவேத்தே இல் லாத்தே?’, அதாவது ‘உங்களிடம் பால் இருக்கிறதா?’.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். நல்ல தமிழில் ‘அல்ல’ வருகிற இடத்தில் ‘நோன் ஏ’. ‘இது பால் அல்ல’, ‘நோன் ஏ லாத்தே’. இடம் சொல்லாமல் வெறும் ‘இல்லை’ என்று முடிகிற இடத்தில் ‘நோன் ச்சே’. ‘பால் இல்லை’, ‘நோன் ச்சே லாத்தே’. பேச்சில் நாம் இரண்டையும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் மனதுக்குள் ஒருமுறை எழுத்துத் தமிழுக்குப் போய்வருவது நல்லது.

பன்மைக்கு ‘ச்சி ஸோனோ’. தமிழில் ‘மூன்று புத்தகம் இருக்கு’ என்று தாராளமாகச் சொல்வோம், இத்தாலிய மொழி அதற்கு இடம் தராது: ‘ச்சி ஸோனோ த்ரே லிப்ரி’. பேச்சில் இத்தாலியரே சிலசமயம் பன்மைக்கும் ‘ச்சே’ போடுவதைக் கேட்பீர்கள். நீங்கள் அப்படிப் பழக வேண்டாம், தேர்வுத் தாளில் அது பிழை. நீண்டகால வசிப்பு அனுமதிக்கு 2010 இறுதியிலிருந்து ஏ2 நிலை (தொடக்கநிலையின் இரண்டாம் படி) மொழியறிவு கேட்கிறார்கள். வீட்டையும் தெருவையும் விவரிப்பது அந்த நிலையில் அடிப்படை, அதில் வாக்கியத்துக்கு வாக்கியம் இந்த வினை வரும். ஒரு சொல்லில் மட்டும் கவனம்: மக்கள் என்று பொருள்படும் ‘ஜென்தே’ ஒருமை. பஸ்ஸில் கூட்டம் என்றால் ‘ச்சே மோல்தா ஜென்தே’. நம் ‘கூட்டம்’ போலவே.

இறந்தகாலத்துக்கு ‘ச்சேரா’, பன்மையில் ‘ச்சேரனோ’. நேற்று வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள் என்றால் ‘ச்சேரனோ தியேச்சி பெர்ஸோனே’. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு ‘ச்சே ஸ்தாத்தோ’: நேற்று வேலைநிறுத்தம் நடந்தது, ‘இயேரி ச்சே ஸ்தாத்தோ உனோ ஷோப்பெரோ’. ‘ஓஜ்ஜி ச்சே ஷோப்பெரோ’ (இன்று வேலைநிறுத்தம்) என்ற வாக்கியம் ரயில் நிலையத்தில் காதில் விழுந்தால் உடனே வேறு வழி பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பல்லாரோ சந்தையில் உதவும். ‘எத்தனை இருக்கிறது?’ என்ற கேள்விக்கு வெறும் எண்ணோடு ‘ச்சி ஸோனோ தூவே’ என்று பதில் சொல்ல முடியாது. ‘அவற்றில்’ என்பதற்கான ‘நே’ உள்ளே வர வேண்டும், அது வந்ததும் ‘ச்சி’யும் ‘ச்சே’யாக மாறிவிடும் (முன்பு பார்த்த ‘ச்சே’ அல்ல, இதில் ‘ஏ’ வினை இல்லை): ‘ச்சே நே ஸோனோ தூவே’. தீர்ந்துவிட்டால் ‘நோன் ச்சே நே ப்யூ’. இதை நீங்களே சொல்ல நாளாகும், ஆனால் கடைக்காரர் சொல்வது இப்போதே புரிய வேண்டும்.