மூன்றாவது கிராங்க் பின்னில் மட்டும் பேரிங் இடைவெளி குறைவது குறித்து

வணக்கம். காரைக்குடியில் தாங்கள் வேகத்துக்கென்று கட்டிவரும் எஞ்சினில், 50 மி.மீ. விட்டமுள்ள கிராங்க் பின்களுக்கும் (கிராங்கில் ராடுகள் மாட்டும் உருளைப் பகுதிகள்) அவற்றைச் சுற்றிய பேரிங்குகளுக்கும் நடுவே, மூன்றாவது பின்னில் மட்டும் 0.03 மி.மீ. இடைவெளியும், மற்ற மூன்றில் 0.05 மி.மீ. இடைவெளியும் பிளாஸ்டிகேஜில் (நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) தெரிவதாகச் சொல்லி, அந்த பேரிங்கை எமரித் தாளால் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்க்கவே கூடாது, மேற்பூச்சு போய்விடும்.

இடைவெளி பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு, ஆகவே 0.05 மி.மீ. பொருத்தமே. முதலில் பேரிங்கின் முதுகிலும் ராடின் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) குழியிலும் தூசியோ பிசிறோ இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பலமுறை கோளாறு அங்கேயே முடிந்துவிடும். பிறகு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு இறுக்கி, பேரிங்குகள் இணையும் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவி) அளக்க வேண்டும், ஏனெனில் இணைப்பருகே பேரிங் வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். பின்னைத் தனியாக மைக்ரோமீட்டரால் அளந்தால், குறை பின்னிலா ராடிலா என்பது தெரிந்துவிடும்.

சித்திரை வெயிலில் முற்றத்தில் கிடந்த கிராங்கை உடனே அளக்காதீர்கள். 10 டிகிரி வேறுபாடே 50 மி.மீ. எஃகில் ஏறக்குறைய 0.006 மி.மீ. கூட்டிக் காட்டும். பின்தான் பெருத்திருக்கிறது என்றால், கிராங்கை கிரைண்டிங் பட்டறைக்குத் திருப்பிக் கொடுப்பதே வழி.